மெட்ராஸ் டு பாண்டிச்சேரி (திரைப்படம்)

மெட்ராஸ் டு பாண்டிச்சேரி 1966 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படமாகும். திருமலை - மகாலிங்கம் என்னும் இரட்டையர் இயக்கிய இத்திரைப்படத்தில் ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ், ஏ. கருணாநிதி மற்றும் பலரும் நடித்துள்ளனர். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் ஒரு பேருந்துப் பயணமே படத்தின் பெரும்பகுதியாக அமைந்துள்ளது. பயணத்தையே கதையாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்களுள் இது முன்னோடியான ஒன்றாகக் கருதப்படுகின்றது. இக்கதை 1972 இல் "பாம்பே டு கோவா" என்ற பெயரில் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது. இந்தியப் பார்வையாளர்களுள் பலர் இந்தி வடிவத்தையே அறிந்துள்ளனர். அதன் மூலம் ஒரு தமிழ்ப்படம் என்பது பரவலாக அறியப்படவில்லை.

வகை: நகைச்சுவைப்படம் / பயணப்படம்
இயக்கம்: திருமலை - மகாலிங்கம்
கதை: உசிலை சோமநாதன்
இசை: டி. கே. ராமமூர்த்தி
நடிப்பு: ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ், ஏ. கருணாநிதி, பக்கோடா காதர் மற்றும் பலர்
வெளியீடு: டிசம்பர் 1966
நிறம்: கறுப்பு வெள்ளை
மொழி: தமிழ்

பெயர்

படத்தின் பெயர் பேருந்தின் முகப்பில் மாட்டப்படும் ஊர்ப் பலகையை நினைவூட்டுவது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் மட்டுமே அதில் உள்ளன. கதைமாந்தர் எவரது பெயரும் இல்லை. படத்தில் முதன்மை பெறுவது தனி ஒருவர் அல்லர், ஒரு பயணமும் அதில் சேர்ந்து செல்லும் கூட்டமும்தான் என்பதை இப்பெயரே தெரிவித்து விடுகின்றது.

பெயரிலுள்ள இரு ஊர்களும் பின்னர் அலுவல்முறையில் வேறு பெயர் பெற்றன. மெட்ராஸ் நகரம் 1996 இல் சென்னை என்றும், பாண்டிச்சேரி 2006 இல் புதுச்சேரி என்றும் மாற்றப்பட்டன. படம் வெளிவந்த காலத்தில் மாநிலத்தின் பெயரும் சென்னை மாநிலம் என்பதேயாகும். தமிழ்நாடு என்ற பெயர் 1969 சனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப் பேச்சில் "டு" என்ற ஆங்கிலச் சொல் இரண்டு ஊர்களை இணைக்கும் சொல்லாகவே புழங்கி வந்துள்ளதால், அன்றைய பார்வையாளர்களுக்கு இப்பெயர் அயலாகத் தோன்றவில்லை. தமிழில் பெயரிடப்படும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வழங்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது 2006 ஆம் ஆண்டிலேயே ஆகும்.

கதைச் சுருக்கம்

வசதியான குடும்பத்தில் பிறந்த இளம்பெண் ஒருத்திக்குத் திரைப்பட நடிகையாக வேண்டும் என்ற ஆசை. அவளுடைய பெற்றோர் அதனை விரும்பவில்லை. அவளைக் கதாநாயகி ஆக்குவதாக வாக்களிக்கும் மோசடிக்காரர்களின் பேச்சை நம்பி, அவள் பணத்துடன் வீட்டைவிட்டு வெளியேறுகின்றாள். அந்தப் பணத்தை முன்னிட்டு நிகழும் ஒரு கொலையை நேரில் பார்த்துவிடும் அவள், உயிருக்கு அஞ்சி ஓடிப் புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்தில் ஏறிக்கொள்கின்றாள். கொலைக்குச் சாட்சியான அவளைத் தீர்த்துக்கட்டக் கொலையாளியின் ஆட்கள் பின்தொடர்கின்றனர்.

நாயகனும் அதே பேருந்தில் பயணியாகின்றான். வழிநெடுகிலும் அவளுக்கு வரும் ஆபத்துகளிலிருந்து அவன் அவளைக் காக்கின்றான். இருவருக்குமிடையே காதல் மலர்கின்றது. நடத்துநரும் ஓட்டுநரும் பேருந்தை ஏறத்தாழத் தம் சொந்த வீடு போலவே நடத்துகின்றனர். பல்வேறு ஊர், தொழில், குணம் கொண்ட பயணிகள், தீனிக்கு அடங்காத ஆசை கொண்ட ஒருவனையும் அவனைக் கட்டுப்படுத்த முடியாத பெற்றோரையும் உள்ளடக்கி, பேருந்தை நிறைக்கின்றனர். பயணம் முடியும் வேளையில் தீயவர்களின் திட்டம் முறியடிக்கப்பட்டு, நாயகி பாதுகாப்பு அடைகின்றாள்.

நடிகர்கள்

ரவிச்சந்திரன் - நாயகன். சி. வி. ஸ்ரீதர் இயக்கிய காதலிக்க நேரமில்லை (1964) படத்தின் மூலம் அறிமுகமானவர். மலேசியாவில் பிறந்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் இளைஞர்களைக் கவர்ந்த வேகமான காதல், நகைச்சுவைப் படங்களில் தொடர்ந்து நடித்தார். 2011 சூலை 25 அன்று காலமானார்.

கல்பனா - நாயகி. கன்னடத் திரையுலகின் புகழ்பெற்ற நடிகையாவார். 1963 இல் கன்னடத்தில் அறிமுகமான இவர், பின்னர் பெள்ளி மோட (1967), கெஜ்ஜெ பூஜெ (1969), சரபஞ்சர (1971) ஆகிய படங்களால் பெரும்புகழ் பெற்றார். "மினுகு தாரெ" (மின்னும் தாரகை) என்று கன்னட மக்களால் அழைக்கப்பட்டவர். 1979 இல் மறைந்தார். கன்னடத்தில் இவர் ஏற்ற துயரம் மிகுந்த வேடங்களை மட்டும் அறிந்தவர்களுக்கு இப்படத்தின் வேடம் வேறுபட்ட ஒன்றாகத் தோன்றும்.

நாகேஷ் - பேருந்து நடத்துநர். திரைத்துறைக்கு வருமுன் தொடர்வண்டித் துறையில் பணியாற்றியவர். சர்வர் சுந்தரம் (1964), காதலிக்க நேரமில்லை (1964), திருவிளையாடல் (1965) ஆகிய படங்களால் புகழின் உச்சியில் இருந்த காலத்தில் இவ்வேடத்தை ஏற்றார். 2009 சனவரி 31 அன்று காலமானார்.

ஏ. கருணாநிதி - பேருந்து ஓட்டுநர். ஐம்பதுகள் முதல் தமிழ்ப் படங்களில் நடித்துவந்த நகைச்சுவை நடிகர். அரசியல் தலைவர் மு. கருணாநிதியிலிருந்து வேறுபட்டவர்.

பக்கோடா காதர் - தின்பண்டத்துக்கு ஏங்கும் பருத்த பையன். பக்கோடா கேட்டு அடம்பிடிக்கும் இந்த வேடமே காதர் என்ற நடிகரின் பெயருக்கு முன் "பக்கோடா" என்ற அடைமொழி நிலைத்துவிடக் காரணமாயிற்று. பின்னர் நடித்த படங்களிலும் அவர் இப்பெயராலேயே அறியப்பட்டார்.

இயக்குநர்களும் கதாசிரியரும்

திருமலை, மகாலிங்கம் ஆகிய இருவரும் இணைந்து பணியாற்றிய இயக்குநர்கள். 1966 ஆம் ஆண்டிலேயே இவர்கள் இயக்கிய மற்றொரு படம் சாது மிரண்டால். வாடகைக்கார் ஓட்டுநராக நாகேஷ் நடித்த அப்படமும் குற்றத்தையும் நகைச்சுவையையும் கலந்து சொல்வதாகும். அடுத்த ஆண்டு இவர்கள் இயக்கத்தில் வெளிவந்த ஆலயம் (1967), சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வணிக நோக்கிலான இரு நகைச்சுவைப் படங்களுக்குப் பின்னர் விருது பெற்ற படம் ஒன்றையும் குறுகிய காலத்துள் இவர்கள் அளித்தமை குறிப்பிடத்தக்கது.

மெட்ராஸ் டு பாண்டிச்சேரி படத்தின் கதையை எழுதியவர் உசிலை சோமநாதன். ஒரு கொலை, ஒரு சாட்சி, ஒரு துரத்தல் என்ற விறுவிறுப்பான நூலில் பயணிகளின் சிறுசிறு நகைச்சுவைகளைக் கோப்பது அவர் கையாண்ட முறையாகும்.

இசை

படத்துக்கு டி. கே. ராமமூர்த்தி இசையமைத்தார். எம். எஸ். விசுவநாதனும் டி. கே. ராமமூர்த்தியும் பணம் (1952) படம் முதல் இணைந்து இசையமைத்து, "மெல்லிசை மன்னர்கள்" என்று போற்றப்பட்டனர். ஆயிரத்தில் ஒருவன் (1965) படத்துக்குப் பின் இருவரும் பிரிந்து தனித்தனியே இசையமைக்கத் தொடங்கினர். விசுவநாதன் தொடர்ந்து மிகுதியான படங்களுக்கு இசையமைக்க, ராமமூர்த்தி தனித்து இசையமைத்த படங்களின் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. சாது மிரண்டால், மெட்ராஸ் டு பாண்டிச்சேரி ஆகிய இரண்டும் பிரிவுக்கு அடுத்த ஆண்டிலேயே அவர் தனியாக இசையமைத்தவை. இக்காரணத்தால் அவரது தனித்திறனை அறிய விரும்புவோர்க்கு இவ்விரு படங்களும் முதன்மையான சான்றுகளாகும். ராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17 அன்று காலமானார்.

கதையமைப்பு

பயணத்தை அடிப்படையாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் உலகத் திரைப்படத்தில் நெடுங்காலமாக உள்ளன. பிராங்க் காப்ரா இயக்கிய "இட் ஹாப்பண்ட் ஒன் நைட்" (1934) இவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். வீட்டைவிட்டு ஓடிவந்த செல்வந்தர் மகளும் செய்தியாளர் ஒருவரும் இரவுப் பேருந்தில் சந்திப்பதே அதன் கதை. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மை ஆசுக்கர் விருதுகளையும் அப்படம் பெற்றது. அதன் தாக்கத்தில் சென்னையின் ஏ. வி. எம். நிறுவனம் "சோரி சோரி" (1956) என்ற இந்திப் படத்தைத் தயாரித்தது. எம். ஜி. ஆர்., ஜெயலலிதா நடித்த சந்திரோதயம் (1966) படத்திலும் வீட்டைவிட்டு வெளியேறிய பெண், செய்தியாளர் என்ற அமைப்பு காணப்படுகின்றது. வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணை மையமாகக் கொண்ட இரு தமிழ்ப் படங்கள் ஒரே ஆண்டில் வெளிவந்துள்ளன.

எனினும் மெட்ராஸ் டு பாண்டிச்சேரி படத்தில் பேருந்து, காதலர் சந்திக்கும் இடமாக மட்டும் அமையவில்லை. நாயகியும் நாயகனும் இடம்பெறாத காட்சிகளிலும் கதை நகர்வதற்குப் பேருந்தே காரணமாகின்றது. இதன் அமைப்பைப் பின்வருமாறு விளக்கலாம்.

1. மூடிய இடம்: ஓடும் பேருந்திலிருந்து எவரும் எளிதில் வெளியேற முடியாது. ஆகவே ஒருவரையொருவர் விரும்பாதவர்களும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது. உரசலும் நகைச்சுவையும் இதிலிருந்து பிறக்கின்றன.

2. நிறுத்தங்கள்: ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு புதிய ஆளையோ சிக்கலையோ உள்ளே கொண்டுவருகின்றது. நாடகத்தில் காட்சி மாறுவதற்கு ஒப்பானது இது.

3. நடத்துநர்: அனைவரிடமும் பேசும் உரிமையும் கடமையும் உடைய ஒரே ஆள் நடத்துநர். பயணச்சீட்டு, சில்லறை, இருக்கை, மூட்டை ஆகிய எல்லாவற்றிலும் அவர் தலையிட வேண்டும். ஆகவே வெவ்வேறு பயணிகளின் தனித்தனி நகைச்சுவைகளை இணைக்கும் பாலமாக இவ்வேடம் அமைகின்றது. முதன்மையான நகைச்சுவை நடிகரை ஓட்டுநராக்காமல் நடத்துநராக்கியதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

4. ஆபத்து: கொலையாளியின் ஆட்கள் பின்தொடர்வது பார்வையாளருக்குத் தெரியும், பெரும்பாலான பயணிகளுக்குத் தெரியாது. பக்கோடாவுக்காக நடக்கும் சண்டையும் உயிருக்கான ஓட்டமும் ஒரே வண்டிக்குள் நிகழ்வதால் இரண்டும் கூர்மை பெறுகின்றன.

பயணிகள் தொடக்கத்தில் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வழியில் உணவைப் பகிர்ந்து, சண்டையிட்டு, சமாதானமாகி, இறுதியில் ஒரு குடும்பம் போல ஆகிவிடுகின்றனர். நாயகி தன் குடும்பத்தைவிட்டு வெளியேறியவள் என்பதனால் இம்மாற்றம் வெறும் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. துணையின்றிப் புறப்பட்ட பெண்ணுக்கு அன்றைய சமூகத்தில் இருந்த அச்சங்கள் பல. தனியிடத்தில் இனிமையாகப் பேசியவர்கள் அவளை ஏமாற்றுகின்றனர். கூச்சலும் நெரிசலும் நிறைந்த பொதுப்பேருந்தோ அவளுக்குப் புகலிடமாகின்றது. திரையுலக ஆசை காட்டிப் பெண்களை ஏமாற்றுவோரைப் பற்றி ஒரு திரைப்படமே எச்சரிப்பதும் இக்கதையின் குறிப்பிடத்தக்க கூறாகும்.

பயண வழியின் பின்னணி

படத்தின் பெயரிலுள்ள இரு நகரங்களுக்கும் இடையே அக்காலத்தில் பேருந்துகள் சென்ற முதன்மை வழி செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம், திண்டிவனம், கிளியனூர் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்வதாகும். இதன் நீளம் ஏறத்தாழ 160 கி.மீ. சென்னையிலிருந்து திண்டிவனம் வரையுள்ள பகுதி, தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பெருஞ்சாலையின் பகுதியாகும். மக்கள் இதனை ஜி. எஸ். டி. சாலை என்பர். திண்டிவனத்தில் சாலை பிரிகின்றது. நேரே தெற்கு நோக்கிச் சென்றால் விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம், அதற்கப்பால் திருச்சி. தென்கிழக்காகத் திரும்பினால் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் புதுச்சேரி. மேற்கே செல்லும் சாலை செஞ்சி வழியாகத் திருவண்ணாமலையை அடைகின்றது. ஆகவே சென்னையிலிருந்து வரும் எந்தப் பேருந்தின் பயணிக்கும் திண்டிவனமே "எந்தப் பக்கம் போகிறோம்" என்று தெளிவாகும் இடமாக விளங்கிற்று.

தொடர்வண்டி வழி இதிலிருந்து வேறுபட்டது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் வரை சென்று, அங்கிருந்து கிளைப்பாதையாகக் கிழக்கே திரும்பிப் புதுச்சேரியை அடைகின்றது. புதுச்சேரிக்கு 1879 இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னை - திண்டிவனம் - விழுப்புரம் - புதுச்சேரி என்ற இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 200 கி.மீ. ஆகும். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களும் ஒரு முக்கோணத்தின் முனைகள் போல அமைந்துள்ளன. பேருந்து அம்முக்கோணத்தின் ஒரு பக்கம் வழியே நேராகச் செல்ல, தொடர்வண்டி மற்ற இரு பக்கங்களையும் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர் பேருந்தை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

படம் வெளிவந்தபோது திண்டிவனமும் விழுப்புரமும் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமாக 1993 செப்டம்பர் 30 அன்று உருவாக்கப்பட்டது.

புதுச்சேரி அன்று

1966 இல் புதுச்சேரி இந்திய ஒன்றியத்துக்குள் வந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நிருவாகம் 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறிற்று. 1963 சூலை 1 முதல் அது ஒன்றியப் பகுதி ஆனது. மொழியாலும் உறவாலும் தமிழகத்துடன் ஒன்றாயினும், ஆட்சியாலும் சட்டத்தாலும் அது வேறாக இருந்தது.

இவ்வேறுபாட்டைச் சாதாரண மக்கள் பெரிதும் உணர்ந்தது மதுவிலக்கில் ஆகும். சென்னை மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971 இல்தான் அது முதன்முதலாகத் தளர்த்தப்பட்டது. புதுச்சேரியில் மதுவிலக்கு இல்லை. ஆகவே அறுபதுகளில் "பாண்டிச்சேரிக்குப் போகிறேன்" என்று சொல்வதே கேட்போரிடம் ஒரு குறும்புச் சிரிப்பை வரவழைக்கக் கூடியதாக இருந்தது. கடற்கரை, பிரெஞ்சுத் தெருக்கள், அரவிந்தர் ஆசிரமம் ஆகியவற்றுக்காகச் செல்வோரும் இச்சிரிப்பிலிருந்து தப்பவில்லை. ஒரு நகைச்சுவைப் படத்துக்குச் சேருமிடமாகப் புதுச்சேரி அமைந்தது இப்பின்னணியில் பொருத்தமானதேயாகும்.

அக்காலப் பேருந்துகள்

சென்னை நகரப் பேருந்துகள் 1947 முதல் அரசுடைமையாக இருந்தபோதிலும், வெளியூர் வழித்தடங்களில் தனியார் பேருந்துகளே அன்று மிகுதியாக ஓடின. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 1972 முதல் அமைக்கப்பட்டன. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் 1975 இல் தொடங்கப்பட்டது. 1997 இல் மாவட்ட, தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரக் கோட்டமாயிற்று.

கூரை மேல் மூட்டைகளை ஏற்றுவது, நடத்துநரின் ஊதலுக்கேற்ப வண்டி நகர்வது, தெரிந்தவர் வரும்வரை வண்டி காத்திருப்பது ஆகியன அக்காலப் பேருந்துப் பயணத்தில் இயல்பானவை. ஓட்டுநரும் நடத்துநரும் வழியிலுள்ள ஊர்களில் அனைவருக்கும் அறிமுகமான மனிதர்களாக இருந்தனர். நாகேஷும் ஏ. கருணாநிதியும் ஏற்ற வேடங்களுக்கு உயிர் தந்தது இவ்வழக்கமே. இருக்கை எண்ணை முன்பதிவு செய்து, செவியில் ஒலிபெருக்கி பொருத்தி, அடுத்தவரிடம் பேசாமலே பயணம் செய்யும் இன்றைய வாசகர்களுக்கு இப்படம் அக்காலச் சமூக வாழ்வின் ஆவணமாகவும் பயன்படக்கூடும்.

பிறமொழி வடிவங்கள்

இக்கதை இந்தியில் "பாம்பே டு கோவா" என்ற பெயரில் எடுக்கப்பட்டு 1972 இல் வெளிவந்தது. எஸ். ராமநாதன் இயக்கிய அப்படத்தில் அமிதாப் பச்சன் நாயகனாகவும், அருணா இரானி நாயகியாகவும், மெகமூத் நடத்துநராகவும், அவருடைய தம்பி அன்வர் அலி ஓட்டுநராகவும் நடித்தனர். சத்ருகன் சின்கா தீயவர் வேடமேற்றார். ஆர். டி. பர்மன் இசையமைத்தார். பக்கோடா கேட்டு அலறும் பருத்த பையனும் அவன் பெற்றோரும் அப்படத்திலும் இடம்பெற்றுப் பெரும் வரவேற்பைப் பெற்றனர். அதுவரை நாயகனாகப் பெரிய வெற்றியைக் காணாத அமிதாப் பச்சனுக்கு இப்படம் உதவியது. அடுத்த ஆண்டு வெளிவந்த "சஞ்சீர்" (1973) அவரை முன்னணி நாயகனாக்கியது.

இந்தி வடிவத்தில் ஊர்கள் மாறினாலும் அவற்றுக்கிடையிலான உறவு மாறவில்லை. ஒரு பெருநகரிலிருந்து, அண்மைக் காலம் வரை ஐரோப்பியர் ஆட்சியில் இருந்த கடற்கரைப் பகுதிக்குச் செல்லும் பயணமே இரண்டிலும் காணப்படுகின்றது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும், கோவா 1961 வரை போர்த்துக்கேயரிடமும் இருந்தன.

இம்மறு ஆக்கம் தனியொரு நிகழ்வன்று. நாகேஷ் தமிழில் ஏற்ற வேடங்களை இந்தியில் மெகமூத் ஏற்பது அக்காலத்தில் ஒரு மரபாகவே விளங்கிற்று. பின்வரும் பட்டியல் இதனை விளக்கும்.

காதலிக்க நேரமில்லை (1964) - பியார் கியே ஜா (1966)
சர்வர் சுந்தரம் (1964) - மே சுந்தர் ஹூன் (1971)
சாது மிரண்டால் (1966) - சாது அவுர் சைத்தான் (1968)
மெட்ராஸ் டு பாண்டிச்சேரி (1966) - பாம்பே டு கோவா (1972)
அனுபவி ராஜா அனுபவி (1967) - தோ பூல் (1973)

திருமலை - மகாலிங்கம் ஒரே ஆண்டில் இயக்கிய இரு படங்களும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது.

பேருந்துப் பயணிகளை மையமாகக் கொண்ட இக்கதையமைப்பைத் தழுவி, சச்சின் பில்காவ்ங்கர் மராத்தியில் "நவ்ரா மாசா நவ்சாச்சா" (2004) என்ற படத்தை இயக்கினார். அதில் பேருந்து மும்பையிலிருந்து கணபதிப்புலே கோயிலுக்குச் செல்கின்றது. அது கன்னடத்தில் விஷ்ணுவர்தன் நடிப்பில் "ஏகதந்த" (2007) எனவும் வெளிவந்தது.

பின்வந்த தமிழ்ப் பயணப் படங்கள்

ஏ. பி. நாகராசன் இயக்கிய திருமலை தென்குமரி (1970) படத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகப் பேருந்தில் திருத்தலப் பயணம் மேற்கொள்கின்றன. குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த அப்படம் பத்தியையும் நகைச்சுவையையும் இணைத்தது. குற்றக்கதையின் துணையின்றியே குடும்பங்களின் பயணம் ஒரு முழுப்படத்தைத் தாங்கும் என்பதனை அது காட்டியது. பிற்காலத்தில் அன்பே சிவம் (2003), பையா (2010) ஆகிய படங்களும் பயணத்தை அடிப்படையாகக் கொண்டு வெளிவந்தன.

எம். சரவணன் இயக்கிய எங்கேயும் எப்போதும் (2011) இவ்வரிசையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் எதிரெதிரே வரும் இரு பேருந்துகள் மோதிக்கொள்வதே அதன் மையநிகழ்வு. அந்நெடுஞ்சாலை திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் செல்வது. திண்டிவனம் வரை அது பழைய மெட்ராஸ் - பாண்டிச்சேரி வழியேயாகும். அறியாதவர்கள் ஒரு பேருந்தில் கூடுவது இரு படங்களுக்கும் பொது. 1966 இன் படத்தில் அக்கூட்டம் ஒரு பெண்ணைக் காத்து ஊர் சேர்க்கின்றது. 2011 இன் படத்தில் அதே போன்றதொரு கூட்டம் ஊர் சேராமலே சிதைகின்றது. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் சாலை அகன்று, வேகம் மிகுந்து, விபத்து என்பது பயணத்தோடு ஒட்டிய அச்சமாக மாறியதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் உணரலாம்.

இன்று அவ்வழி

படத்தின் பெயரிலுள்ள பயணத்தை இன்றும் மேற்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் வேறு வகையில். மாமல்லபுரம், மரக்காணம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து மேம்படுத்தப்பட்டபின், சென்னை - புதுச்சேரிப் பயணிகளுள் பெரும்பகுதியினர் அவ்வழிக்கு மாறினர். திண்டிவனம் வழியான பழைய சாலை நான்கு வழிச் சாலையாக்கப்பட்டுள்ளது. தேசிய நெடுஞ்சாலை எண்கள் 2010 இல் மாற்றப்பட்டபோது, சென்னை - திண்டிவனம் - புதுச்சேரிச் சாலை 32 எனவும், திண்டிவனம் - விழுப்புரம் பகுதி 132 எனவும் எண் பெற்றன.

வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் இடமும் இருமுறை மாறியுள்ளது. பாரிமுனையிலிருந்து 2002 இல் கோயம்பேட்டுக்கும், தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்துக்கும் மாற்றப்பட்டன. பெரும்பாலான பேருந்துகள் மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் போன்ற ஊர்களுக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே சென்றுவிடுகின்றன. ஊர்தோறும் நின்று, ஆளை ஏற்றி, கதையையும் ஏற்றிச் சென்ற பேருந்தைக் காண்பதற்கு இத்திரைப்படம் உதவுகின்றது.

இவற்றையும் பார்க்க

சாது மிரண்டால்
திருமலை தென்குமரி
எங்கேயும் எப்போதும்
நாகேஷ்
டி. கே. ராமமூர்த்தி
திண்டிவனம்
விழுப்புரம் மாவட்டம்
புதுச்சேரி